நத்தை குத்தி நாரையும் மதகடிப் பெரியவரும்

கேள்வி: காட்பாடி வட்டத்தில் ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பத்து நாட்களுக்கு முன் பள்ளியிலிருந்து வரும் வழியில், அறுந்த மீன்வலையில் சிக்கிக் கிடந்த பெரிய நாரை ஒன்றைப் பார்த்திருக்கிறாள். தனியாகத் தூக்க முடியாமல், மதகுக்கு அருகே குடிசையில் இருப்பவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் மீன்பாசிக் குத்தகைக்காரரின் வலைகளுக்குக் காவல் இருப்பவர். சிறு வயதில் பெருவியாதி (தொழுநோய்) வந்து, கரிகிரி ஆஸ்பத்திரியில் தங்கிக் குணமானவர் என்று சொல்கிறார்கள். ஆனாலும் விரல்கள் மடங்கிக் குறைந்து போயிருக்கின்றன. ஊரில் யாரும் அவர் குடிசைப் பக்கம் போவதில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், அவருக்கு மட்டும் காகிதக் குவளை.

நாரையின் வலது இறக்கை முறிந்திருந்ததாம். துணியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூங்கில் சிம்பு வைத்து அவரே கட்டிவிட்டார். அன்றிலிருந்து என் மகள் தினமும் மாலையில் அங்கே போய்விடுகிறாள். இருவரும் ஏரியில் நத்தை பொறுக்கிக் கல்லால் உடைத்து ஊட்டுகிறார்கள். பறவைக்கு ‘வெள்ளையன்’ என்று பெயர்கூட வைத்துவிட்டாள். சென்ற வாரம் அது அவர் கையைக் குத்தி இரத்தம் வந்தும், இவள் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லையாம். நேற்று இவள், “அம்மா, தாத்தா விரல் மாதிரியே அதோட அலகும் நடுவுல மூடாது” என்றபோது எனக்குப் பகீர் என்றது.

இப்போது பறவையின் கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கின்றன. அலகு உடைந்திருக்கிறதா? இது ஒட்டிக்கொள்ளும் நோயா? வனத்துறைக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். அங்கே போகிற பெண்ணை நாளைக்கு யார் கேட்டு வருவார்கள் என்கிறார் என் மாமியார். பறவையை எங்காவது விட்டுவிடச் சொல்லலாமா? மகளை எப்படித் தடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பறவையைப் பற்றிய கேள்விகளுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அவற்றில் ஒன்று நாளைக்கே செய்தாக வேண்டியது.

உங்கள் மகள் மீட்டது நத்தை குத்தி நாரை. அலகு உடையவில்லை. மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேர்ந்து, நடுவில் மட்டும் வெளிச்சம் தெரியுமளவு விலகி நிற்பது அந்த இனத்தின் இயல்பு. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஆகவே உங்களிடம் இருப்பது வளர்ந்த பறவை என்பதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பதறிப்போன அந்த வாக்கியம், என்னைக் கேட்டால், நல்ல கண்ணுள்ள ஒரு பிள்ளை சொன்னது. பறவையைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய மாணவர்கள்கூட இந்த இடைவெளியைக் காயம் என்று நோட்டில் எழுதி வந்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கால் வெளுத்திருப்பதும் நோயல்ல. நாரைகள் வெப்பம் மிகும்போது தங்கள் கால்களின் மீதே நீர்த்த எச்சத்தை விட்டுக்கொள்ளும். அதிலுள்ள நீர் ஆவியாகும்போது காலும், காலில் ஓடும் இரத்தமும் குளிரும். காய்ந்தபின் மிஞ்சும் யூரிக் அமிலம்தான் சுண்ணாம்புபோலப் படிந்து நிற்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் துடைக்க வேண்டியதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: அது அவ்வளவு வெளுத்திருக்கிறது என்றால், வைத்திருக்கும் இடத்தில் சூடு அதிகம் என்று பொருள். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிசைக்குத் தகரக் கூரையாக இருந்தால், பகலில் பறவையை வெளியே மரநிழலில், நாய் வராதபடி படல் கட்டி வைக்கச் சொல்லுங்கள். தரை மண்ணாகவோ மணலாகவோ இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் நாள் முழுவதும் நிற்கும் நாரைக்கு உள்ளங்காலில் புண் வரும், வந்தால் ஆறுவது கடினம்.

இனி நாளைக்கே செய்ய வேண்டியது. பறவைகளின் எலும்பு நம்முடையதைவிட வேகமாகச் சேரும். பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் முறிவைச் சுற்றிப் புது எலும்பு பிடித்துவிடும். இது நல்ல செய்தி போலத் தோன்றும், ஆனால் கோணலாக வைத்துக் கட்டியிருந்தால் அதே வேகத்தில் கோணலாகவும் சேர்ந்துவிடும். தவிர, நீண்ட நாள் அவிழ்க்காமல் கட்டிவைத்த இறக்கையின் மூட்டு இறுகும், தோள்முனைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள தோல்மடிப்பு சுருங்கும். அதன்பின் எலும்பு நேராகச் சேர்ந்திருந்தாலும் இறக்கை முழுதும் விரியாது. உங்கள் நாரைக்குப் பத்து நாட்கள் ஆகிவிட்டன. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்கு இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால், பார்ப்பதில் பயன் இருக்காது.

மருத்துவரிடம் கொண்டு போகும்வரை கட்டை நீங்களாக அவிழ்க்க வேண்டாம். ஆனால் ஒன்றைப் பாருங்கள்: துணி இறக்கையை மட்டும் சுற்றியிருக்கிறதா, நெஞ்சைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறதா? பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. நெஞ்சைச் சுற்றி இறுக்கிய கட்டு, அன்போடு கட்டியதானாலும், மூச்சை நிறுத்திவிடும். பத்து நாள் உயிரோடு நின்று நத்தை தின்கிறது என்பதால் பெரியவர் தளர்த்தியாகத்தான் கட்டியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். மடங்கிய விரல்களால், ஒரு நுனியைப் பல்லில் பிடித்து, துடிக்கிற நாரைக்கு ஒருவர் போட்ட கட்டு இத்தனை நாள் நிற்கிறது என்றால், அந்தக் கட்டை நான் பார்க்க விரும்புகிறேன்.

காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக இருந்தால் பயப்பட வேண்டாம், பறவைக்கு அடிபட்ட இடம் பச்சையாகத்தான் கன்றும். கறுத்து, காய்ந்து, நாற்றம் வந்தால் மட்டும் கவலைக்குரியது. புண் திறந்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. இறக்கையின் மேற்கை எலும்பு உள்ளே பொள்ளலானது, அதன் உட்புறம் காற்றுப்பைகளோடு தொடர்புடையது. அங்கே ஊற்றும் நீர் மூச்சுக்குள் போய்விடும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், மஞ்சள் குழைத்த எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்காது, குளிரையும் தடுக்காது.

நத்தையைக் கல்லால் உடைத்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பாக்குவெட்டிபோல அலகால் நசுக்கித் தின்னும் என்று பலரும் நினைப்பது தவறு. நத்தையின் வாயில் ஒரு சில்லு மூடியாக ஒட்டியிருக்குமே, அதன் ஓரத்தில் கீழ் அலகின் மெல்லிய நுனியை நுழைத்து, உள்ளே ஓட்டோடு பிடித்துக்கொண்டிருக்கும் தசையை அறுத்து, சதையை முழுதாக உருவி எடுக்கும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். இந்த வேலையைத் தண்ணீருக்கடியில், கண்ணால் பார்க்காமலேயே செய்யும். ஆகையால் அகலமான அன்னக்கூடையில் நான்கு விரற்கடை நீர் ஊற்றி, உயிருள்ள ஏரி நத்தைகளை அதில் போட்டு வைத்துவிட்டு இருவரும் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும். உங்கள் மகளுக்கு ஊட்டுவதைவிட இதைப் பார்ப்பது பிடித்துப்போகும். உடைந்த ஓட்டின் சில்லுகள் பறவையின் தொண்டைக்கும் போகாது, பெரியவரின் கையையும் கிழிக்காது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறவையின் மூச்சுக்குழல் திறப்பு நாக்கின் அடியிலேயே இருக்கிறது, ஊற்றும் நீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

நாரையிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய ஆபத்துகள் இரண்டு. முதலாவது அலகு. நாரை பயந்தால் எதிரே பளபளப்பது எதுவோ அதைக் குத்தும், அது பெரும்பாலும் நம் கண்ணாக இருக்கும். தூக்கும்போது தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும், குழந்தையின் முகம் அருகே போகக் கூடாது. இரண்டாவது எச்சமும் பச்சை நத்தையும். தாய்லாந்தில் பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில் இதே இன நாரைகளிடம் அந்த வைரஸ் காணப்பட்டது. நத்தையின் உடலில் மனிதருக்கு ஆகாத புழுக்கள் இருக்கலாம். எனவே ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், உங்கள் வீட்டுக் கோழிகள் அந்தப் பக்கம் போகக் கூடாது, துணியைப் பல்லால் கடிப்பதும் இனி வேண்டாம்.

நீங்கள் கேட்ட தொற்று இவ்வளவுதான். கேட்கத் தயங்கிய இன்னொரு தொற்று உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. நான் கால்நடை மருத்துவன், மனித நோய்க்கு மருந்து எழுத எனக்கு உரிமையில்லை. ஆயினும் வட ஆற்காட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த எவருக்கும் தொழுநோயைப் பற்றி இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு நுண்ணுயிரால் வருவது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். மனிதர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இயற்கையிலேயே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. மருந்து எடுக்காத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்பவருக்கு மூச்சுக்காற்றின் வழியாகப் பரவுமே தவிர, தொட்டதால், ஒரே டம்ளரில் குடித்ததால் வருவதில்லை. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையை ஆறு மாதமோ ஓராண்டோ எடுத்தால் நோய் தீர்ந்துவிடும், தொற்றும் தன்மை மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே போய்விடும். சிறு வயதிலேயே குணமாகிவிட்டவரிடமிருந்து இன்று உங்கள் மகளுக்கு வருவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. உங்கள் மனம் ஆறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

நோய் போனபின்னும் விரல் ஏன் அப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழித்துவிட்டுப் போகிறது, அழிந்த நரம்பு மருந்தால் திரும்புவதில்லை. அதற்குப் பிறகு விரலைக் குறைப்பது கிருமி அல்ல. சூடான பாத்திரம், முள், அழுத்தும் செருப்பு, கவனிக்காமல் விட்ட சிறு புண் ஆகியவைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன. இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய வேலையில் பெரும்பங்கு நம் வேலூரில்தான் நடந்தது. 1940-களின் பிற்பகுதியில் சி.எம்.சி.யில் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். கைகளைச் சரிசெய்து அனுப்பிய சிலருக்கு இரவோடு இரவாக விரல் குறைந்திருப்பது ஏன் என்று அவருடைய குழுவினர் தேடிப் பார்த்தபோது, தூங்கும்போது எலி கடித்தும் அவர்கள் விழிக்கவில்லை என்பது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனை இந்தப் பணியின் தொடர்ச்சிதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாரை குத்தி இரத்தம் வந்ததும் உங்கள் மகள் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மருத்துவ முறையில் மிகக் கவலைக்குரிய வரி அதுதான். ஆபத்து அவரிடமிருந்து உங்கள் மகளுக்கு அல்ல, பறவையிடமிருந்து அவருக்கு. அந்தப் புண் இப்போது எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? சேற்றுத் தண்ணீரில் நத்தை துழாவும் கை அது. கரிகிரியில் தங்கியவர்களுக்குத் தினமும் கையையும் பாதத்தையும் கண்ணால் பார்த்துக்கொள்ளும் பழக்கம் சொல்லித் தரப்பட்டிருக்கும். தனியாக வாழ்கிறவர், வயதாகிப் பார்வை மங்கியவர், அதை விட்டிருக்கவும் கூடும். புண்ணைக் காட்ட அழைத்துப் போங்கள், தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். காலில் போடுவது எம்.சி.ஆர். செருப்பா (உணர்ச்சியற்ற பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) என்றும் பாருங்கள், தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ள வழி கேட்கலாம்.

இந்த இடத்தில் என்னுடைய கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் நேர்மையாக இருக்காது. 1984-ஆம் ஆண்டு, வட ஆற்காடு மாவட்டம் இன்னும் பிரிக்கப்படாத காலம், நான் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வெக்கை நோய்த் தடுப்பூசி போடுவதற்காகத் தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். பதினொரு மாடுகள். அவற்றில் ஒன்று தீனி எடுக்கவில்லை என்று சொன்னதால், அதன் வாயைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் தொண்டைவரை தடவிப் பார்த்தேன். வேலை முடிந்ததும் அந்த மாட்டுக்காரக் கிழவி பித்தளைச் சொம்பில் மோர் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை. திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு நாலடி பின்னே போய் நின்றுகொண்டார். மோரில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டிருந்தது, சொம்பு புளி போட்டுத் துலக்கியது. “வயிறு சரியில்லைம்மா” என்றேன். “சரிங்க சாமி” என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவர் மாட்டின் எச்சில் என் முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தபோது அந்த மோரை நான் தொடவில்லை. கால்நடை மருத்துவப் பட்டமும் நுண்ணுயிரியல் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் அப்போது என் பெட்டியில் இருந்தன. எனவே உங்களுக்குப் பகீர் என்றது என்று நீங்கள் எழுதியதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமியார் சொல்லும் கல்யாணப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1898-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழியும் 2019-இல் அடைக்கப்பட்டது. சட்டம் திருந்தியிருக்கிறது, மாமியார்களைத் திருத்தும் பொறுப்பை அது ஏற்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் தயக்கம் சரியானது, அதை நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை, குடும்பத்துக்குப் பழக்கமில்லாத எந்தப் பெரியவரின் வீட்டுக்கும் தினமும் தனியாகப் போவது நல்ல ஏற்பாடு அல்ல. அவர் விரல் முழுதாக உள்ள தலைமையாசிரியராக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். பொழுது சாயும் நேரம், ஏரி, மதகு, ஆழம் என்று பார்த்தாலும் தனியாக அனுப்பக் கூடாது. அதற்குத் தீர்வு அவளைத் தடுப்பதல்ல, நீங்களும் கூடப் போவது. போய் அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் டீயோ தண்ணீரோ நீட்டுவார் என்று காத்திருக்காதீர்கள், நீட்டமாட்டார். மகளின் எதிரில் நீங்களாகவே குடிக்கத் தண்ணீர் கேளுங்கள்.

வழக்கைப் பற்றி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இப்படிக் கைக்கு வரும் காட்டுயிர் அரசின் சொத்து. அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். நீங்கள் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டீர்கள். இதை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. காயம்பட்ட பறவையை ஒப்படைக்க வந்தவரை வழக்கில் மாட்டிவிட்டதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, அதன்பேரில் வனக்காவலர் தேடி வரும்போது நிலைமை வேறு. பறவை இருப்பது பெரியவரின் குடிசையில். கேள்வி கேட்கப்படுவது உங்கள் மகளை அல்ல, அவரைத்தான். அவருக்காகப் பேச ஊரில் எவரும் வரமாட்டார்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஆகவே மனுவை நீங்கள் எழுத வேண்டும், உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தோடு. எந்த நாளில், எந்த இடத்தில், எந்த நிலையில் உங்கள் மகள் பறவையைக் கண்டாள், யார் முதலுதவி செய்தார், எங்கே வைத்துப் பராமரித்தார், தெரிவிக்கத் தாமதமானதற்குக் காரணம் சட்டம் தெரியாதது என்று நேராக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வேலூர் வனக்கோட்ட அலுவலகத்தில் கொடுத்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று குழம்ப நேரமில்லை என்றால், பறவையை முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்கே கொண்டு போய், அங்கிருந்து வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுத உட்காரும்போது உங்களுக்கு ஒரு சங்கடம் வரும். உங்கள் கடிதத்தில் நாரைக்குப் பெயர் இருக்கிறது. அவருக்கு இல்லை, ‘குடிசையில் இருப்பவர்’, ‘காவல் இருப்பவர்’ என்றுதான் இருக்கிறது. மனுவில் அப்படி எழுதினால் ஏற்கமாட்டார்கள், தகப்பனார் பெயரும் வயதும் சேர்த்துக் கேட்பார்கள். உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். கேட்கும்போதே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தொழுநோயிலிருந்து மீண்டவர்களை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தனிப் பிரிவாகவே சேர்த்திருக்கிறது, அவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. மதகடியில் தனியே கிடக்கும் ஒருவருக்கு அந்தப் படிவம் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம்.

பறவை என்ன ஆகும் என்று உங்கள் மகள் கேட்பாள். எலும்பு நேராக இருந்து மூட்டு இறுகாமல் இருந்தால், சில வாரம் பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி ஏரியில் விடலாம். முறிவு முழங்கை மூட்டுக்குள் போயிருந்தால் அது இனிப் பறக்காது, பராமரிப்பு இடம் ஒன்றில்தான் வைக்க வேண்டியிருக்கும். மிக மோசமாக இருந்தால் வலியில்லாமல் முடித்துவைக்கும்படி மருத்துவர் சொல்லலாம். மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பத்து நாள் நத்தை பொறுக்கிய பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. குணமாகி விட்டால் அது திரும்பி வந்து குடிசை வாசலில் நிற்கும் என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள். ராஜஸ்தானில் பரத்பூரில் காலில் வளையம் மாட்டி விட்ட ஒரு நத்தை குத்தி நாரை, 800 கிலோமீட்டர் கிழக்கே கிடைத்தது. இவை தண்ணீரும் நத்தையும் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும் பறவைகள், நம்மைத் தேடி வருபவை அல்ல. பெயர் வைத்து அழைப்பதையும் மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். மனிதக் குரலுக்குப் பழகிய நாரை, அடுத்த முறை கல்லெறிபவன் அருகே வரும்போதும் நின்றுகொண்டிருக்கும்.

பறவை போனபின் அவள் அங்கே போக ஒரு காரணம் இருக்காதே என்று உங்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அதுதான் வருத்தம். அந்த இருவருக்கும் பொதுவாக நத்தையும் ஒரு கட்டும்தான் இருந்தன, அவை போனால் பேச வேறு வேண்டும். முதலில் ஏரிக்கரையில் அறுந்து கிடக்கும் நைலான் வலைகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் நாரையை முறித்தது அதுதான், குத்தகைக்காரரிடம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அடுத்தது, பல ஆண்டுகளாக விடிகாலையில் அந்த நீரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது, எந்தப் பக்கத்துக் கருவேல மரத்தில் அடைகிறது என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அவர் சொல்ல உங்கள் மகள் எழுதட்டும், அவர் பேனா பிடிக்க முடியாது என்பது அங்கே ஒரு குறையாக இருக்காது.

இப்போது பயணம். காலையில் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். நாரை நிற்கவோ இயல்பாக உட்காரவோ போதுமான உயரமுள்ள அட்டைப்பெட்டி, பக்கங்களில் விரல் நுழையும் அளவு ஓட்டைகள், அடியில் பழைய சாக்கு. கால்களை மடக்கிக் கட்டாதீர்கள், நீண்ட கால் பறவைகள் திமிறினால் தொடைத் தசை சிதைந்து, பிறகு எழுந்து நிற்கவே மாட்டா. மூடியபின் வழியில் திறந்து பார்க்க வேண்டாம், இருட்டில் அது அமைதியாக இருக்கும். ஆட்டோ பேசினால் மூன்று பேருக்கென்றே பேசுங்கள், ஏனென்றால் எப்படி அடிபட்டது, எப்படிக் கட்டியது என்று மருத்துவர் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் பெரியவர் ஒருவர்தான். போகிற வழியில் அவருடைய கைப்புண்ணையும் காட்டிவிடலாம். பெட்டியை யார் மடியில் வைத்துக்கொள்வது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவுசெய்யட்டும். ஒரு வேளைக்கு வேண்டிய நத்தையை ஈரத்துணியில் கட்டி எடுத்துப் போக மறக்காதீர்கள், அங்கே போய்க் கேட்டால் உடனே கிடைக்காது.